உள்ளே விட்ட துணி

அந்தத் தெருவில் நடமாடுகிற ஆண்களில் பாதிப் பேருக்கு ஒரே இடுப்பு. மீதிப் பேர் வேறு கடையில் வாங்கியவர்கள்.

இதற்குக் காரணம் மாஸ்டரின் தையல்கடைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஓர் அட்டை. மகனுக்கு மீசை முளைத்து முடிந்த வயதில், மாஸ்டர் அவனை வெட்டுமேசைக்கு முன்னால் நிறுத்தி, மூச்சை உள்ளே இழுக்காதே என்று அதட்டி அளவெடுத்து வரைந்து வெட்டிய அட்டை. அதற்கப்புறம் விற்பனைக்கென்று தைத்துத் தொங்கவிட்ட பேண்ட்டுகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவைதான். தொப்பைக்காரர்களுக்குக் கொஞ்சம் கூட்டுவார், ஒல்லிகளுக்குக் குறைப்பார். ஆனால் தொடையிலிருந்து துணி இறங்குகிற விதம், பின்பக்கம் விழுகிற மடிப்பு, முட்டிக்குக் கீழே நேராக நிற்கிற நிற்பு எல்லாம் மகனுடையவை.

மகனை ஜெயிலில் போட்ட பிறகு இது பெரிய தொல்லையாகிவிட்டது. மாஸ்டர் மிஷினிலிருந்து தலை நிமிர்த்துகிற போதெல்லாம் மகன் முதுகைக் காட்டிக்கொண்டு கடையைத் தாண்டிப் போவான். ஒரு மத்தியானம் அப்படிப் போன முதுகுக்குப் பின்னால் செருப்புக்கூடப் போடாமல் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டார். திரும்பிய முகம் தண்ணீர் லாரி ஓட்டுகிறவருடையது. தையல்காரர் ஒருவர் தன்னையே முறைத்துப் பார்ப்பதைக் கண்டு அவர் பதறிப்போய், "என்ன மாஸ்டர், ஜிப்பு போயிருச்சா?" என்று முன்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மாஸ்டர் இல்லை என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தார். தார் ரோட்டில் சூடு ஏறிய பாதங்களை மிஷின் பலகையின் மேல் வைத்துக்கொண்டார்.

கடைக்குப் பின்னால் இரண்டு அறை, அதுதான் வீடு. மாஸ்டரின் மனைவி காலமாகி வெகுகாலம் ஆயிற்று. மிச்சமிருந்தது மருமகள். காஜா எடுப்பது, பட்டன் தைப்பது, கொக்கி வைப்பது அவள் வேலை. இவர்களைத் தவிர, துணியின் ஓரம் பிசிறு விடாமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பேரே ஓவர்லாக்தான். மிஷினை நிறுத்தினாலும் அவர் வாய் நிற்காமல் அடித்துக்கொண்டிருக்கும்.

மகன் உள்ளே போன கதையை ஓவர்லாக் சொல்லிக் கேட்க வேண்டும் என்று தெருவில் ஓர் அபிப்பிராயம் உண்டு. நாடகத்துக்கு என்று சொல்லி ஒரு கும்பல் போலீஸ் உடுப்பு தைக்கக் கொடுத்தது. மகன் தைத்துக் கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் நெடுஞ்சாலையில் லாரிகளை மறித்துச் சோதனை போட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு லாரிக்காரருக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. நிஜப் போலீஸ்காரர் ஒருவருக்கு உடுப்பு இத்தனை பொருத்தமாக இருந்து அவர் ஆயுசில் பார்த்ததில்லை. கும்பல் பிடிபட்டது, தைத்தவனும் கூட்டாளி என்று சேர்ந்து பிடிபட்டான்.

"கொஞ்சம் கோணலா தைச்சிருந்தா இன்னைக்கு வீட்ல உக்காந்து டீ குடிச்சிட்டிருப்பான்" என்று ஓவர்லாக் முடிப்பார். "தொழில் சுத்தம். ஆளு உள்ள."

மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. காலையும் இரவும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசிகளுக்கு நடுவே வளர்ந்தவன் என்பதால் அதைப் பற்றிப் புலம்பியதில்லை. ஆனால் ஜெயில் வாசலில் சில விதிகள் இருந்தன. ஊசி என்பது ஆயுதம், ஆகவே உள்ளே வராது. வெளி மருந்துக்கு அனுமதி இல்லை, ஏனென்றால் உள்ளேயே மருந்து உண்டு. உள்ளே அந்த மருந்து இப்போதைக்கு இல்லை, வந்ததும் கொடுக்கப்படும். வாசலில் இருந்த காவலர் இந்த மூன்றையும் மருமகளிடம் பொறுமையாகவே விளக்கினார். அதுவரை ஜெயில் டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார். தலைவலிக்கும் அதே மாத்திரை, சொறிக்கும் அதே மாத்திரை, அழுகிறவர்களுக்கும் அதே மாத்திரை. அங்கே எல்லோரும் சமம்.

இன்னொரு விதியும் இருந்தது. பெல்ட், நாடா, கயிறு எதுவும் கூடாது. கைதிகள் தங்களை ஏதாவது செய்துகொண்டுவிடுவார்கள் என்று ஜெயிலுக்கு அவ்வளவு அக்கறை. விசாரணைக் கைதி என்பதால் சொந்த உடுப்புப் போடலாம். ஆனால் பேண்ட் தன் முயற்சியிலேயே இடுப்பில் நிற்க வேண்டும்.

பார்க்கப் போகிற நாளில் மாமனாரும் மருமகளும் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நிற்பார்கள். வலை இரண்டு அடுக்கு, நடுவில் ஒரு கை தூரம் இடைவெளி. அந்தப் பக்கம் இருப்பது முகம் என்று தெரியும். யாருடைய முகம் என்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இருபக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

"அப்பா, பேண்ட்டு லேசா லூசா இருக்கு. புடிச்சுக் குடுங்க."

அதைக் கேட்டதும் மாஸ்டருக்கு உயிர் வந்தது. வக்கீல், டாக்டர், ஜாமீன், ஊசி எதுவும் அவர் கைக்குள் இல்லை. இது இருந்தது. மருமகள் வாங்கிவந்த அழுக்கு மூட்டையிலிருந்து பேண்ட்டை எடுத்துத் துவைத்துக் காய்ந்ததும் மேசையில் விரித்தார்.

பின்பக்கம் மட்டும் ஒரு பிடி பிடித்து அடித்துவிடுவது எல்லோரும் செய்வது. மாஸ்டர் அப்படிச் செய்ய மாட்டார். அப்படிச் செய்தால் பின் பாக்கெட் இரண்டும் நெருங்கிவந்து ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். இடுப்புப் பட்டியைக் கழற்றி, பின்தையலில் கொஞ்சம், பக்கத்தையல்களில் கொஞ்சம் என்று பிரித்து எடுத்து, பாக்கெட்டுகளை நகர்த்தி, பழைய ஊசித் துளைகள் மறையத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டு முடிப்பார். ஆல்ட்டர் பண்ணினது தெரிந்தால் அது ஆல்ட்டர் இல்லை என்பது அவர் கட்சி. மிச்சத் துணியை மட்டும் வெட்ட மாட்டார். உள்ளே மடித்துவிட்டுத் தைப்பார். அவன் வெளியே வந்து தேறும்போது பிரித்துவிட வேண்டுமே.

அடுத்த முறையும் லேசா லூசு. அதற்கடுத்த முறையும். ஒவ்வொரு தடவையும் லேசாகத்தான். மாஸ்டர் லேசாகப் பிடித்தார். சட்டையின் தோளை இறக்கினார், கழுத்துப் பட்டியைக் குறுக்கினார். மணிக்கட்டுப் பட்டனை மருமகள் தள்ளித் தைத்தாள்.

முதலில் கண்டுபிடித்தவை எறும்புகள். அழுக்கு மூட்டையை அவள் பின்னறை ஆணியில் மாட்டியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் சுவரில் ஒரு கறுப்புக்கோடு ஏறியது. மூட்டையைப் பிரித்தபோது உள்ளாடை முழுக்க எறும்பு. சட்டையை முகர்ந்து பார்த்தாள். வியர்வை நாற்றம் இல்லை. அழுகப்போகிற பழத்தின் வாசனை.  மறுநாள் கடையில் பட்டன் தைக்க ஆளில்லை. அவள் வக்கீலைத் தேடிப் போயிருந்தாள்.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. கீழே மிஷின் ஓடினால் மேலே நாற்காலி நடுங்கும். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: மகனுக்காகக் கேட்கப்போவது ஜாமீன் இல்லை, அது வேறு வழக்கு. இது மருந்து. பூட்டி வைத்தவர்கள்தான் மருந்துக்கும் பொறுப்பு. கொடுக்கிறபோது வாங்கிக்கொள்ள இது தானம் இல்லை, உயிரோடு இருக்கிற உரிமை. பெரிய கோர்ட்டில் கேட்கலாம், கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பதில் வந்தது. மனுதாரருக்குத் தினமும் மாத்திரை வழங்கப்படுகிறது. வளாகத்தில் காற்றோட்டம் உள்ளது. ஒருவருக்கு மட்டும் ஊசி போடுவது மற்ற கைதிகள் மனதில் ஏக்கத்தை உண்டாக்கும். நீதிபதி இதைப் படித்துவிட்டு, ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்துங்கள், பார்க்கிறேன் என்றார்.

எதற்காக நிறுத்தச் சொன்னார் என்று மருமகளுக்குப் புரிந்தது. வக்கீலம்மாவுக்கும் புரிந்தது. மாஸ்டருக்குப் புரிந்தது வேறு. தன் மகன் நாலு பேர் முன்னால் நிற்கப்போகிறான். அவர் புதுச் சட்டைக்குத் துணி எடுத்தார். கழுத்தெலும்பு தெரியாமல் பட்டியைச் சற்று உயர்த்தினார். தோளுக்குள் மெல்லிசாகப் பஞ்சு வைத்தார். பிடிபட்ட அன்று அவன் போட்டிருந்த சாம்பல் பேண்ட்டை எடுத்து இன்னொரு முறை லேசாகப் பிடித்தார். மருமகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நல்லபடியாக நிற்கட்டும் என்று அவளுக்கும் தோன்றியது. பட்டன்களை அவளே தைத்தாள்.

கோர்ட்டில் மகன் உள்ளே வந்தபோது கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மைக்கு நடை வந்தது போலிருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. ஜெயிலில் அன்று காலை முகச்சவரமும் செய்துவிட்டிருந்தார்கள். அரசு வக்கீலின் கோட்டு யாரோ பெரிய உடம்புக்காரருடையது, தோள் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மகனைப் பார்த்தார், தன் கோட்டைப் பார்த்துக்கொண்டார்.

"ஐயா, இந்தக் கோர்ட்டுலயே பார்க்க லட்சணமா இருக்கிறது இவர் ஒருத்தர்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதியும் கொஞ்சம் சிரித்தார். பின் வரிசையில் மாஸ்டரும் ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மருத்துவ அறிக்கை தாக்கல் செய்யச் சொல்லி வழக்கைத் தள்ளிவைத்தார்கள். மகனை வெளியே கூட்டிப்போகும்போது அவன் நடையில் ஒரு கால் தரையைத் தடவியது. செருப்பு பெரிதாகிவிட்டிருந்தது. செருப்பை யாரும் ஆல்ட்டர் செய்திருக்கவில்லை.

மருமகள் வீடு திரும்ப பஸ் ஏறினாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெளியே போகிற ஆண்களின் இடுப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜெயில் டாக்டரின் அறிக்கையை வக்கீலம்மா படித்துக் காட்டினார். எடை பார்க்கும் இயந்திரம் பழுது பார்க்கப் போயிருக்கிறது. எனினும் மனுதாரரின் ஆடைகள் அவர் உடலுக்கு மிகப் பொருத்தமாக இருப்பதால், எடையில் மாற்றம் ஏதும் இல்லை என்று கருதப்படுகிறது.

மாஸ்டர் அந்த இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். வக்கீலம்மா படித்தார். மிகப் பொருத்தமாக. அவருடைய தையலை எழுத்தில் பாராட்டிய முதல் ஆள் ஜெயில் டாக்டர்தான். கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடி நாற்காலிகள் நடுங்கின. மற்ற நாற்காலிகள் நின்ற பிறகும் மாஸ்டருடையது நிற்கவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு மகனைப் பிடிபட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே கொண்டுவர வேண்டும் என்று வக்கீலம்மா சொன்னார். அந்தப் பேண்ட், அந்தச் சட்டை, அன்றைய அளவு. எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள்.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய்விட்டது. ஓவர்லாக் சாப்பிடப் போயிருந்தார். வாசலில் தண்ணீர் படிவரைக்கும் ஏறி நின்றது. மருமகள் சாம்பல் பேண்ட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள், பிரிக்கிற ஊசியையும் பக்கத்தில் வைத்தாள். மாஸ்டர் அதைத் தொடவில்லை. வேறொரு துணியை எடுத்து மடித்தார், திரும்பப் பிரித்தார், திரும்ப மடித்தார்.

"மாமா, வெளிச்சம் இருக்கிறப்பவே பண்ணிடலாம்."

"வேற டாக்டர் யாரையாவது வச்சு எழுதி வாங்கலாமே. அந்த வக்கீலம்மாகிட்ட கேளு."

"வெளி டாக்டரை உள்ள விட மாட்டாங்க. கேட்டாச்சு."

"சபையில என் புள்ளை பேண்ட்டைக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கணுமா? பெல்ட்டும் குடுக்க மாட்டானுங்க. அவுந்து விழுந்தா?"

"விழட்டும்."

மாஸ்டர் மடிப்பதை நிறுத்தினார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அவரிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நீ அவன் பொண்டாட்டி. நீயே இப்படிச் சொல்றியா?"

"நான் கட்டிக்கிட்டவரு அந்தச் சுவத்துல தொங்கற அட்டைக்குச் சரியா இருந்தாரு மாமா. அன்னைக்குக் கோர்ட்ல வந்தது நீங்க தைச்ச துணி. உள்ள அவரு எங்க இருந்தாருன்னு நான் தேடித்தேடிப் பாத்தேன். காதை வச்சுத்தான் அடையாளம் தெரிஞ்சுது."

மழை தகரத்தில் அடித்தது. அவள் குரலை உயர்த்தவே இல்லை. இரைச்சலுக்கு நடுவே அவர் முன்னால் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"உங்களை மட்டும் சொல்லல. பட்டனைத் தள்ளித் தைச்சது நான்தான். ஒவ்வொரு தடவையும் தள்ளித் தைச்சேன். ஏன் தள்ளுறோம்னு ரெண்டு பேருமே வாயைத் தொறக்கல. ஜெயில்காரன் மறைக்கல மாமா. அவனுக்கு எதுக்கு அந்தச் சிரமம்? நாமதான் வாரா வாரம் துவைச்சு இஸ்திரி போட்டு மறைச்சுக் குடுத்தோம்."

மாஸ்டர் பிரிக்கிற ஊசியை எடுத்தார்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசல் வெளிச்சத்துக்குத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். இடுப்புப் பட்டியை முதலில் கழற்றினார். பின்தையலில் ஊசியை நுழைத்து ஒரு இழு இழுத்தார். நூல் சரசரவென்று விட்டது. உள்ளே மடிந்திருந்த துணி சற்றே விரிந்தது. அதற்குள் இன்னொரு தையல். அதைப் பிரித்தார். அதற்குள் இன்னொன்று.

வெயிலும் ஜெயில் சோப்பும் வெளுத்த துணிக்குப் பக்கத்தில், உள்ளே இருந்த துணி கறுப்பாக இருந்தது. ஒரே கறுப்பும் இல்லை. முதலில் மடித்தது கருஞ்சாம்பல், அடுத்தது அதைவிட வெளுப்பு, அதற்கடுத்தது இன்னும் வெளுப்பு. வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்று நின்று இறங்கிய கோடுகள் போல அடுக்கடுக்காகத் தெரிந்தன. லேசா லூசு, லேசா லூசு என்று மகன் கத்தியதெல்லாம் அங்கே படுத்திருந்தது.

எல்லாத் தையலும் விட்ட பிறகு மாஸ்டர் துணியை மேசையில் பரப்பி, கறுப்பாயிருந்த பகுதியின் மேல் கையை வைத்தார். விரல்களை எவ்வளவு விரித்தும் கை அதை மூடவில்லை. இன்னொரு கையையும் வைத்தார். யாரோ படுத்திருக்கிறவரின் மேல் கை வைத்திருப்பது போல அப்படியே இருந்தார்.

"இவ்ளோவா?" என்றார்.

 மருமகள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சட்டையின் பட்டன்களை அறுத்துப் பழைய இடத்தில் தைக்க ஆரம்பித்தாள்.

ஜெயில் வாசலில் காவலர் உடுப்பை உதறிப் பார்த்தார். பேண்ட்டை விரித்துத் தன் இடுப்புக்கு நேராக வைத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உள்ள வந்து பெருத்துட்டானா? எங்க சாப்பாடு அப்படி" என்றார். அவள் ஆமாம் என்றாள்.

இரண்டாம் வாய்தா அன்று கோர்ட்டில் புழுக்கம். மகனை ஒரு போலீஸ்காரர் அழைத்து வந்தார். தொப்பை வைத்த, தூக்கக் கலக்கமான மனிதர். வாசலைத் தாண்டும்போதே மாஸ்டர் பார்த்தார். சட்டையின் தோள் முழங்கைக்குப் பாதி வழியில் நின்றது. கழுத்துப் பட்டிக்குள் கழுத்து, வாளிக்குள் விட்ட கரண்டிபோல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பேண்ட் கால்களைச் சுற்றித் தனியாக நடந்து வந்தது. அவன் இடது கை மட்டும் இடுப்பை விடவில்லை.

அவன் பின் வரிசையைப் பார்த்தான். பேண்ட்டைப் பார்த்தான். இதை அப்பா தைத்திருக்க முடியாது என்ற குழப்பம் அவன் முகத்தில் இருந்தது. மாஸ்டர் தலை குனிந்துகொண்டார்.

அரசு வக்கீல் எழுந்தார். இது நாடகம் என்றார். குடும்பமே தையல்காரர்கள், பெரிய அளவில் புதிதாகத் தைத்து மாட்டிவிட்டிருக்கிறார்கள், போன தடவை நாம் எல்லோருமே பார்த்தோமே என்றார். நியாயமான சந்தேகம்தான். நாடகத்துக்கென்று உடுப்பு தைத்த கடையாயிற்றே. வக்கீலம்மா பேண்ட்டின் நிறத்தைப் பாருங்கள், உள்தையலைப் பாருங்கள் என்று ஆரம்பித்தார். நீதிபதி மகனைப் பார்த்துக் கையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டு ஒழுங்காக நிற்கச் சொன்னார்.

மகன் தயங்கினான். கோர்ட் எழுத்தர் அதட்டினார். கையை எடுத்தான்.

பேண்ட் விழவில்லை. பின்னால் நின்ற போலீஸ்காரர் சட்டென்று குனிந்து பிடித்துவிட்டார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. விழப்போகிறதைப் பிடிக்கிற சாதாரணக் கை. பிடித்தது போதவில்லை, துணி நழுவியது. இன்னொரு பிடி சுருட்டினார், இன்னொன்று. கடைசியில் அவர் முஷ்டி நிறையத் துணி. அதற்கப்புறம்தான் பேண்ட் அவன் இடுப்பைத் தொட்டது. தூக்கக் கலக்கம் அவர் முகத்திலிருந்து போய்விட்டது. தன் கையையும் அந்த முதுகையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எவ்வளவு லூசா இருக்கு?" என்று நீதிபதி அவரைக் கேட்டார்.

போலீஸ்காரருக்குக் கோர்ட்டில் பேசிப் பழக்கமில்லை.

"ஐயா, உள்ள இன்னொரு ஆளு நிக்கலாங்கய்யா."

 அரசு வக்கீல் வாயைத் திறந்தார், தன் கோட்டுத் தோளைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மகனை வெகுநேரம் பார்த்தார். சட்டையை விலக்கச் சொன்னார். உடனே போட்டுக்கொள்ளச் சொன்னார். இங்கிருந்தே நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், திரும்ப ஜெயிலுக்குப் போகிற வேலை வேண்டாம் என்று உத்தரவு போட்டார். ஊசி இல்லாமல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் யார் பொறுப்பு என்று ஜெயில் பதில் சொல்ல வேண்டும், வழக்கு நடக்கட்டும் என்றார்.

போலீஸ்காரர் பிடியை விடாமலே மகனை வெளியே நடத்திக்கொண்டு போனார். மருமகள் பின்னால் ஓடினாள். மாஸ்டர் பெஞ்சிலேயே இருந்தார். உள்ளே நிற்கக்கூடிய அந்த இன்னொரு ஆளை அவருக்குத் தெரியும். அந்த அட்டையை வெட்டியவர் அவர்தானே.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காவலர், தலைமாட்டில் சொட்டுகிற பாட்டில். வேளாவேளைக்கு ஊசி போட்டார்கள். மகன் முதலில் தூங்கினான். அப்புறம் ரொட்டி கேட்டான். இன்னொரு நாள், ஓவர்லாக் இன்னும் வாயை மூடவில்லையா என்று கேட்டான். வார்டிலும் பெல்ட்டுக்கும் நாடாவுக்கும் தடை தொடர்ந்ததால் மாஸ்டர் ஒரு பைஜாமா தைத்துக்கொண்டு போனார். இடுப்பை இந்தத் தடவை கையால் தொட்டே அளவெடுத்தார். எலும்பு கையில் குத்தியது.

ஜெயில் தன் அடுத்த அறிக்கையைத் தாக்கல் செய்தது. மனுதாரரின் எடை நாளுக்கு நாள் கூடிவருகிறது. ஆகவே இந்த மனுவுக்கு இனித் தேவை இல்லை. ஓவர்லாக் அதைக் கேட்டுத் தெரு முழுக்கச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். எடை கூடியது உண்மைதான், ஆஸ்பத்திரி எடை மிஷின் பழுதாகவில்லை.

ஒரு காலையில் மாஸ்டர் போனபோது மகன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கன்னம் நிரம்பியிருந்தது. கண்ணுக்குக் கீழேயும் நிரம்பியிருந்தது.

"அப்பா, பைஜாமா இறுக்குது. பிரிச்சுக் குடுங்க."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்காகத்தான் ஆயுசு பூராவும் உள்ளே துணி விட்டார். இறுக்குதா, எங்கே பார்ப்போம் என்று குனிந்து, இடுப்புப் பட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. அளவைச் சரியாகத் தெரிந்துகொள்ளக் கட்டைவிரலால் இடுப்பில் அழுத்திவிட்டு எடுத்தார்.

விரல் பட்ட இடம் குழியாக நின்றது. துணியில் நகத்தால் கீறி அடையாளம் வைத்த மாதிரி, அப்படியே நின்றது. அவர் அது மேலே வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றாள். டாக்டர் அவளிடம் முந்தின நாளே சொல்லியிருந்தார். சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, ஆனால் ஊசி இல்லாத நாட்களில் சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கிறது. இது சதை இல்லை, தண்ணீர். ஒருவேளை வடியலாம், ஒருவேளை வடியாமலும் போகலாம். இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று அவள் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம் இப்போது தேவைப்படவில்லை. அவர் அந்தக் குழியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"ரொம்ப இறுக்குதாப்பா?" என்று மகனிடம் கேட்டார்.

"ஆமாப்பா. தேறிட்டேன்ல?"

"தேறாம? உங்கப்பனுக்கு வேலை வச்சிட்டியே."

மறுநாள் வாய்தா. கூடிய எடைதான் அவனைக் கொல்கிற எடை என்று வக்கீலம்மா எழுதியாகிவிட்டது. அங்கே போட்டுக்கொள்ள அவனுக்கு ஒரு பேண்ட் வேண்டும், சாம்பல் பேண்ட் கோர்ட்டில் சாட்சிப் பொருளாக மூட்டை கட்டி வைக்கப்பட்டிருந்தது. மாஸ்டர் கடைக்கு வந்து புதுத் துணியை மேசையில் விரித்தார். சுவரிலிருந்து அட்டையை எடுத்தார். துணிமேல் வைத்தார். மார்க் பண்ணுகிற சாக்கட்டியை அட்டையின் ஓரத்தில் வைத்தவர், கோட்டை இழுக்காமல் நின்றார். ஓவர்லாக் மிஷினை நிறுத்திவிட்டார். அவர் வாயும் நின்றிருந்தது.

வாசலில் யாரோ மகனின் நடையில் கடந்து போனார்கள். மாஸ்டர் நிமிரவில்லை.

"எவ்ளோம்மா விடட்டும்?" என்று மருமகளைக் கேட்டார். தன் தொழிலில் அவர் இன்னொருவரிடம் கேட்ட முதல் அளவு அது.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து, முடிச்சுப் போட்டாள்.

"நிறையவே விடுங்க மாமா" என்றாள். "ரெண்டு பக்கமும்."

மாஸ்டர் சாக்கட்டியை அட்டையின் ஓரத்திலிருந்து தள்ளி, வெறும் துணியின் மேல் வைத்து, கோட்டை இழுத்தார்.